சைக்கிளுக்கும் சிவப்பு விளக்கு உண்டா?

பினாங்கு, பிறை ஜாலான் பாரு ஓரத்துக் கடைகளில் காலைப் பசியாறும் நேரத்தில் அடிக்கடி எழும் வழக்கு இது. கன்டெய்னர் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்பார்: “நான் சிவப்பு விளக்குல நிக்கணும், பெல்ட் போடணும், ரோட்டேக்ஸ் இன்சூரன்ஸ் எல்லாம் கட்டணும். அவன் சைக்கிளை எடுத்துக்கிட்டு குறுக்கால பூந்து போயிடுவான். அவனுக்கு மட்டும் சட்டம் கிடையாதா தம்பி?”

அவர் ஆதங்கம் நியாயமானது. ஆனால் சிவப்பு விளக்கையும் ரோட்டேக்ஸையும் ஒரே மூச்சில் சொல்கிறார் பாருங்கள், சிக்கல் அங்கேதான். இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக வந்த விதிகள். ஒன்று சைக்கிளுக்கும் பொருந்தும், மற்றது பொருந்தாது. எது எப்படி என்று நிதானமாகப் பார்ப்போம்.

சைக்கிளுக்குச் சட்டம் கிடையாது என்பது முதலில் தவறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், சக்கரம் வைத்து உருளும் எல்லாவற்றையும் வாகனம் என்று ஒரு பெரிய வட்டத்துக்குள் வைக்கிறது. அதற்குள்ளே எஞ்சினால் ஓடுபவற்றுக்கு மோட்டார் வாகனம் என்று ஒரு சின்ன வட்டம். சைக்கிள் பெரிய வட்டத்தில் இருக்கிறது, சின்ன வட்டத்தில் இல்லை. சமிக்ஞை விளக்குக்கும் சாலைப் பலகைக்கும் போலீஸ்காரர் கைகாட்டுவதற்கும் கட்டுப்பட வேண்டியது பெரிய வட்டம் முழுவதும். ஓட்டுநர் உரிமம், பதிவெண், சாலை வரி, காப்புறுதி ஆகியவை சின்ன வட்டத்துக்கு மட்டும். ஆக, சிவப்பு விளக்கில் நிற்காமல் போகும் சைக்கிள்காரர் இன்றைக்கே சட்டத்தை மீறியவர்தான். அவருக்குச் சமன் எழுதுவது அரிது என்பது வேறு கதை.

இப்படிப் பிரித்தது சரியா? சரிதான் என்பது என் கருத்து. சாலை விதிகள் இரண்டு வகைத் தேவையிலிருந்து பிறந்தவை. முதல் வகை, முன்பின் தெரியாத இருவர் ஒரே சாலையில் மோதாமல் போக வேண்டும் என்பதற்காக. எல்லாரும் இடப்பக்கம் போவோம், திரும்பும் முன் காட்டுவோம், இருட்டினால் விளக்குப் போடுவோம், சிவப்பில் நிற்போம் என்ற ஒப்பந்தம். அடுத்தவன் என்ன செய்வான் என்று ஊகிக்க முடிவதே இதன் பலன். இதில் ஓர் ஆள் விலகினாலும் மற்றவர் கணக்கு தப்பிவிடும். அந்த ஒருவர் லோரியில் இருந்தாலும் சைக்கிளில் இருந்தாலும் தப்புவது தப்புவதுதான்.

இரண்டாம் வகை, எஞ்சின் சாலைக்குக் கொண்டுவந்த ஆபத்தைக் கட்டுப்படுத்த வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். ஒன்றரை டன் கார், வேகம் 60. மோதினால் வெளிப்படும் ஆற்றல், எடையோடு வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்கியதில் பாதி. காரிடம் இருப்பது சைக்கிளைப் போல ஏறக்குறைய 265 மடங்கு. சரக்கேற்றிய 40 டன் டிரெய்லர் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மூவாயிரம் மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய சக்தியை ஒருவர் கையில் கொடுக்கும்போது, ஓட்டத் தெரியுமா என்று தேர்வு வைக்கிறோம், யார் என்று தெரிய எண் பலகை மாட்டச் சொல்கிறோம், பிறருக்கு நேரும் இழப்பைக் கட்ட வழியிருக்க வேண்டும் என்று காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறோம். சாலை வரியையும் நம் நாட்டில் பெரும்பாலும் எஞ்சினின் சி.சி. அளவை வைத்தே போடுகிறார்கள். எஞ்சினே இல்லாத வண்டிக்கு அந்தக் கணக்கில் என்ன வரும்? சைக்கிள்காரர் ரோட்டேக்ஸை ஏய்க்கவில்லை. அவருக்கு அந்தப் பாக்கியே கிடையாது.

சிவப்பு விளக்கு அப்படியில்லை. அது முதல் வகை. ஆனாலும் அவ்வகை விதியைச் சைக்கிளுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்திய ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982இல் ஒரு மாற்றம் செய்தது. ‘நில்’ பலகை உள்ள சந்திப்பில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, பார்த்து, யாரும் வராவிட்டால் காலை ஊன்றாமலே போகலாம். சிறு குற்றங்களால் நீதிமன்றங்கள் நிரம்பி வழிந்ததுதான் அங்கே இந்த யோசனைக்கு ஒரு தூண்டுதல். பல ஆண்டுகள் கழித்து டெலவேர், ஓரிகன், வாஷிங்டன் போன்ற மாநிலங்களும் இதேபோன்ற விதியை ஏற்றன. பாரிஸ் 2015இல் சந்திப்புகளின் விளக்குக் கம்பங்களில் மஞ்சள் சைக்கிள் வரைந்த சின்ன முக்கோணப் பலகைகளைப் பரவலாக மாட்டியது. அது இருக்கும் இடத்தில், நடப்பவர்களுக்கு வழி விட்டு, சிவப்பிலேயே சைக்கிள் திரும்பலாம்.

சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்த சலுகை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. சைக்கிளில் நின்று மறுபடி கிளம்புவது உடம்பால் செய்யும் வேலை. கிளம்பும் முதல் சில மீட்டரில்தான் வண்டி ஆடும், தள்ளாடும். பச்சை விழுந்ததும் பின்னாலிருக்கும் கார்கள் சீறிக் கிளம்பும் அதே நொடியில் சைக்கிள்காரர் மிகவும் பலவீனமான நிலையில் இருக்கிறார். முன்கூட்டியே சந்திப்பைக் கடந்துவிட்டால் அந்த நெருக்கடி வராது. காரில் உட்கார்ந்திருப்பவரை விட அவருக்குச் சாலை நன்றாகத் தெரிகிறது, காதும் கேட்கிறது.

அப்படியானால் பிறையிலும் அதைக் கொண்டுவரலாமா என்று கேட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். காரணம் அந்த லோரிக்கார அண்ணன் சொல்லித் தெரிந்தது.

நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். டிரெய்லரின் தலை உயரமானது. இடப்பக்கக் கதவை ஒட்டிக் கீழே நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்கு நேராகத் தெரியாது, கண்ணாடியை நம்பித்தான் பார்க்க வேண்டும். அவர் இடது திரும்பும்போது நேராக இடப்பக்கம் ஒடிக்க முடியாது. முதலில் தலையைச் சற்று வலப்பக்கம் வாங்கி, பிறகுதான் இடதுபக்கம் ஒடிப்பார். அந்த முதல் அசைவைப் பார்க்கும் சைக்கிள்காரர், லோரி வலப்பக்கம் விலகுகிறது, நமக்கு இடம் விடுகிறது என்று நினைத்து உள்ளே நுழைகிறார். திரும்பத் தொடங்கியதும் தலை போன தடத்தில் பின் சக்கரங்கள் போகாது. அவை மூலையை அறுத்துக்கொண்டு உள்பக்கமாக வரும். தலை தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று ஆள் நிற்கும் இடத்துக்கே பின் சக்கரம் வந்து சேரும். லோரி திரும்பும் அந்த நேரத்தில் கண்ணாடியும் பின்வண்டியை விட்டு விலகிவிடுகிறது. “அந்த ரெண்டு நொடி எனக்கு இடப்பக்கம் ஒண்ணுமே தெரியாது தம்பி. கடவுள் விட்ட வழிதான்,” என்றார் அவர்.

பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நாள் முழுக்கக் கன்டெய்னர் ஓடும் ஊர் இது. இங்கே சந்திப்பில் சைக்கிள்காரர் தன் விருப்பப்படி நகர்ந்தால், லோரிக்காரரால் ஊகிக்க முடியாது. ஐடஹோவின் அமைதியான குடியிருப்புத் தெருவில் பலிப்பது நம் ஜாலான் பாருவில் பலிக்காது. சிவப்பில் நில்லுங்கள். லோரியின் இடப்பக்கம் நுழையாதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள். இதில் நான் லோரிக்காரர் பக்கம்.

ஆனால் நிற்கச் சொல்லும் அதிகாரம், நிற்பதற்கு நல்ல இடமும் கொடுக்க வேண்டும். பல நாடுகளில் கார்களுக்கான நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் நாலைந்து மீட்டர் ஆழத்தில் சைக்கிளுக்கென ஒரு பெட்டி வரைந்திருக்கிறார்கள். சிவப்பில் சைக்கிள்கள் எல்லாருக்கும் முன்னால், எல்லார் கண்ணிலும் படும்படி வந்து நிற்கும். சில இடங்களில் சைக்கிளுக்குப் பச்சை சில நொடி முன்னதாகவே விழும். இதற்குச் சட்டத்தைத் திருத்தி ஒரு தலைமுறை காத்திருக்கத் தேவையில்லை. கொஞ்சம் சாயம், சமிக்ஞைப் பெட்டியில் ஒரு மாற்றம்.

அக்கரையில் ஜோர்ஜ் டவுன் உள்நகரத்தின் சங்கதி வேறு. தெருக்கள் குறுகல், பல தெருக்கள் ஒருவழி. வண்டிகள் ஊர்ந்துதான் போகும், டிரெய்லர் நுழையாது. அங்கே சைக்கிள்காரர் செய்யும் பெரிய மீறல் எதிர்த்திசையில் வருவது. அடுத்த தெருவுக்குப் போக மூன்று தெரு சுற்ற வேண்டியிருந்தால் ஆள் எதிரே வரத்தான் செய்வார். ஒருவழி என்பதே கார்களின் அகலத்துக்காகவும் நெரிசலுக்காகவும் வந்த ஏற்பாடு, ஆகவே நான் பிரித்த வகைப்படி அது இரண்டாம் வகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெல்ஜியத்தில் 2004 முதல், அகலம் போதுமான, வேகம் குறைந்த ஒருவழித் தெருக்களில் சைக்கிள் இருபுறமும் போகலாம் என்பதே பொது விதி. தெரு முனையில் பலகை சொல்லிவிடுவதால் கார்க்காரர் எதிரே சைக்கிள் வரும் என்று எதிர்பார்த்தே நுழைகிறார். ஜோர்ஜ் டவுனில் அளந்து பார்த்துச் சில தெருக்களில் இதைச் செய்யலாம். அஞ்சடி நடைபாதையில் ஏறி நடப்பவரை இடித்துக்கொண்டு போவதற்கு இது எவ்வளவோ மேல்.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். இதைப் பேசாமல் நம் நாட்டில் சைக்கிளைப் பற்றிப் பேசவே முடியாது.

2017 பிப்ரவரி 18, அதிகாலை மூன்று மணியைத் தாண்டிய நேரம். ஜொகூர் பாருவில் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த சிறுவர் கூட்டத்தின் மீது ஒரு கார் மோதியது. 13 முதல் 16 வயது வரையிலான எட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் ஓட்டியது பாசிக்கால் லாஜாக். கைப்பிடியை இறக்கி, பிரேக்கைக் கழற்றி, வயிற்றில் படுத்து ஓட்டுவதற்காக மாற்றியமைத்த சைக்கிள். காரை ஓட்டிய பெண்ணுக்கு அப்போது 22 வயது.

வழக்கு ஆறு ஆண்டுகள் ஏறி இறங்கியது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இல் அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் எதிர்வாதம் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்ப, 2021இல் மறுபடி விடுதலை. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி ஆறு ஆண்டு சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவித்தது. இத்தனைக்கும் நடுவில் நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரு பக்கம், அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சாலையில் விட்ட பெற்றோரைக் கேள் என்றது. மறுபக்கம், எட்டு உயிருக்கு யாருமே பொறுப்பில்லையா என்றது.

இரண்டு கேள்வியிலும் உண்மை இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடிக்கவில்லை. பிரேக் என்பது முதல் வகை ஒப்பந்தத்தின் அடிப்படை. நிறுத்த முடியாத வண்டி எந்த விதிக்கும் கட்டுப்பட முடியாது. சிவப்பைப் பார்த்தாலும் அது நிற்காது. அதிலும் படுத்து ஓட்டும்போது ஆளின் உயரம் காரின் முன்விளக்கு மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது, இருட்டில் கண்ணில் படுவது கடினம். இதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. பிள்ளையைப் பிடித்து உள்ளே தள்ளுவதை விட, வண்டியைப் பறிமுதல் செய்வதும், பிரேக்கைக் கழற்றிக் கொடுக்கும் பட்டறையைக் கேட்பதும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதும் பலன் தரும்.

யார் பொறுப்பு என்ற மற்றக் கேள்விக்கு நெதர்லாந்துக்காரர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சிறைக்கு அனுப்பும் குற்றம் வேறு, நட்டத்தை ஈடுகட்டும் பொறுப்பு வேறு என்று அங்கே தெளிவாகப் பிரிக்கிறார்கள். குற்றம் என்றால் ஓட்டுநரின் தவற்றை நிரூபிக்க வேண்டும். ஈட்டுத்தொகை என்று வரும்போது, காரும் சைக்கிளும் மோதினால் கார்ப்பக்கம் பொறுப்பேற்பதிலிருந்தே கணக்குத் தொடங்கும். அடிபட்டது 14 வயதுக்குட்பட்ட குழந்தையானால், குழந்தை தவறாகவே ஓட்டியிருந்தாலும் ஏறத்தாழ முழுத் தொகையையும் காரின் காப்புறுதி கட்டும். தொகை போவது காப்புறுதி நிறுவனத்திலிருந்து, ஓட்டுநர் சிறைக்குப் போவதில்லை. நம் நாட்டில் ஈட்டுத்தொகைக்கும் ஓட்டுநரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும், சைக்கிள்காரரின் தவறு எவ்வளவோ அவ்வளவு கழிப்பார்கள். கையோ காலோ போன பையனின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. 265 மடங்கு ஆற்றலை வைத்திருப்பவர் 265 மடங்கு குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆபத்தைச் சாலைக்குக் கொண்டுவந்த பக்கமே, அது நிகழ்ந்தால் ஈடுகட்டும் ஏற்பாட்டையும் சுமக்க வேண்டும் என்கிறேன். நம் காப்புறுதிச் சட்டத்தில் இதைக் கொண்டுவருவது பற்றிப் பேசத் தொடங்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே விதி என்று கேட்பவர்கள் ஒரே சாலையைக் கொடுப்பதில்லை. பிறையையும் குளுகோரையும் இணைக்கும் பினாங்குப் பாலம் 1985இல் திறந்தது. 13.5 கிலோமீட்டர். அதில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. 2014இல் பத்து கவானிலிருந்து பத்து மாவுங்குக்குப் போட்ட இரண்டாம் பாலத்திலும் இல்லை. கடல் காற்றில், லோரிகளுக்கு நடுவில் சைக்கிளை விடக் கூடாது என்பது புரிகிறது, அந்தத் தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதனால் பிறையில் வீடும் தீவில் வேலையும் உள்ள சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது பட்டர்வொர்த் பெர்ரி ஒன்றுதான். அந்தப் பெர்ரி இப்போது கார்களை ஏற்றுவதில்லை. 2021 தொடக்கத்திலிருந்து கார்கள் பாலத்தில்தான் போக வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய பெர்ரிகளும் ஆட்களையும் மோட்டாரையும் சைக்கிளையுமே ஏற்றுகின்றன. எனக்கு இது பிடித்த ஏற்பாடு. இறங்கும்போது முட்டி மோத ஒரு காரும் கிடையாது. பெர்ரியை விட்டு வெளியே வந்தபிறகுதான் சிரமம் தொடங்குகிறது. பட்டர்வொர்த் பக்கம் துறைமுகச் சாலை, லோரிகள், மேம்பாலத் திருப்பங்கள். தொழிற்பேட்டையில் சைக்கிள் போக வேண்டிய இடது ஓரம் பல இடங்களில் நிறுத்திவைத்த லோரிகளின் இடம். அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு வரும் சைக்கிள்காரரைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறோம்.

அவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பிறைத் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். சைக்கிளில் வருபவர்களில் வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி, நம் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அதிகம். வேலைப் பெர்மிட்டில் வந்தவர்களுக்கு இங்கே பொதுவாக ஓட்டுநர் உரிமம் கிடைப்பதில்லை, ஆகவே மோட்டார் ஓட்ட வழியில்லை. விடுதிக்கும் ஆலைக்கும் நடுவே அவர்களுக்குச் சைக்கிள்தான் கால்.

எனவேதான் ‘சைக்கிளுக்கும் உரிமம், நம்பர் பிளேட் போடு’ என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. சிங்கப்பூர் 2021இல் இதை ஆற அமர ஆராய்ந்தது. எல்லாவற்றையும் பதிவு செய்து பழகிய அந்த ஊரே, சைக்கிளுக்கு உரிமம் வேண்டாம் என்று முடிவு செய்தது. அதற்குப் பதில் மீறல்களுக்கு அபராதத்தை 75 வெள்ளியிலிருந்து 150 ஆக்கியது, கூட்டமாகப் போகும் சைக்கிள்களின் வரிசைக்கு ஐந்து வண்டி நீளம் என்று வரம்பு கட்டியது. இரண்டும் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. உரிமம் என்று வந்தால் சைக்கிள் ஓட்டும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் வேண்டும். அதை நடத்தும் செலவில் பாதியில் எத்தனையோ சந்திப்புகளைச் சீர்செய்துவிடலாம்.

பழைய ஆட்களைக் கேட்டால் விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடித்த காலத்தைச் சொல்வார்கள். டைனமோ டயரில் உரசும் கிர்ரென்ற சத்தத்தோடு மிதிப்பார்கள், மிதித்தால்தான் வெளிச்சம். அந்தக் கண்டிப்புத் திரும்ப வருவது நல்லது, ஆனால் சமனில் தொடங்கி அல்ல. மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் தொழிலாளிக்கு அபராதம் எழுதுவதற்கு முன், அவர் கையில் விளக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலணி, தலைக்கவசம், காதடைப்பு எல்லாம் கணக்கெழுதிக் கொடுக்கும் ஆலைகள் இரண்டு சின்ன விளக்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அவை விலை மலிவானவை, பட்டன் பேட்டரியில் எரிபவை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பிடித்தால் நிற்கும் பிரேக். இரவு ஷிப்டு விட்டதும் கேட்டில் நிற்கும் ஜாகா இவற்றைப் பார்த்து ஒரு சைக்கிளை வெளியே விட அரை நிமிடம் போதும்.